ஆறாவது பெயர்

அந்தக் கணினியை நான் பாட்டுக்காக வாங்கவில்லை. திருவொற்றியூரில் நான் தமிழ் கற்பித்த பள்ளியில் பார்வையற்ற மாணவியர் இருவர் படித்தார்கள். அவர்களுக்குப் பாடநூலை வாசித்துக் கேசட்டில் பதிந்து கொடுப்பது என் வழக்கம். கேசட்டில் ஒரு சொல் பிசகினால் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். கணினியில் பிசகிய சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று உடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர் சொன்னார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஒன்றில், ஒரு கணினியும் நடுத்தரமான ஒரு மைக்கும் கொருக்குப்பேட்டையில் என் வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தன.

பின்னறைக்கும் சரக்கு ரயில் பாதைக்கும் நடுவே ஒரு சந்தும் ஒரு மதிலும் மட்டுமே இருந்தன. வேகன்களைக் கோக்கும் ஓசை என் பாடங்கள் எல்லாவற்றிலும் விழுந்தது. மாணவியரில் ஒருத்தி, "டீச்சர், உங்க செய்யுள் பகுதியில ட்ரெயின் ஓடுது" என்றாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அதற்குப் பிறகுதான் நான் பிளக்-இன்களைத் தேடத் தொடங்கினேன்.

பிளக்-இன் தனியே இயங்காத ஒரு சிறு மென்பொருள். பதிவு செய்யும் மென்பொருளுக்குள் அதைச் செருகிவிட்டால், பதிந்த குரல் அதன் வழியே நுழைந்து சற்று மாறி வெளியே வரும். கழற்றிவிட்டால் குரல் பழையபடி ஒலிக்கும். விடைத்தாளின் மேல் எண்ணெய்த்தாளை விரித்து, அந்தத் தாளின் மேல் மட்டும் திருத்துவதற்கு ஒப்பானது அது. அடியில் உள்ள எழுத்துக்கு எதுவும் நேர்வதில்லை. இந்த ஒரு பண்பு பிற்பாடு என்னைக் காப்பாற்றப் போகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

பர்மா பஜாரில் வாங்கிய ஒரு சி.டி. வட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பிளக்-இன்கள் இருந்தன. அது எவருடைய அனுமதியும் இல்லாமல் பெருக்கப்பட்ட வட்டு என்பது பின்னரே எனக்கு விளங்கியது. அதற்காக வருந்தியதும் உண்டு. அவற்றுள் எவை எனக்கு உதவும் என்று சொல்ல ஆள் இல்லாததால், ஒரு நாளைக்கு ஒன்று என்று நானே சோதித்துப் பார்த்தேன். பள்ளியிலிருந்து திரும்பி முகம் கழுவிய பிறகு, நான் வாசித்த ஒரே உரைநடைப் பத்தியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பிளக்-இன்னைச் செருகியும் கழற்றியும் கேட்பேன். வேறுபாட்டை ஒரு குறிப்பேட்டில் எழுதுவேன். பெரும்பாலானவற்றுக்கு நேராக, "திரை அழகு, காதுக்கு ஒன்றும் இல்லை" என்றே எழுதியிருக்கிறேன். திரையில் வெள்ளிப் பூச்சுடன் குமிழ்களும் நடுங்கும் முட்களும் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டால் குரல் மேம்பட்டது போலவே தோன்றும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் பழகினேன்.

எதிரொலி சேர்ப்பவற்றுள் பல என்னைக் கல்யாண மண்டபத்தில் நிறுத்தின. 'ச'கரத்தின் சீறலைக் குறைப்பதாகச் சொன்ன ஒன்று, எனக்கு முன்பல் விழுந்துவிட்டது போல ஒலித்தது. சுருதியைத் திருத்தும் ஒன்று, கேள்வியாக முடிந்த என் வாக்கியங்களை எல்லாம் ஆரத்திப் பாட்டாக மாற்றியது. இறுதியில் மூன்று தேறின. குரலின் தடிமனையும் மென்மையையும் கூட்டிக் குறைக்க ஒன்று. உரத்த இடத்தைத் தாழ்த்தி, மெல்லிய இடத்தை உயர்த்தும் கம்ப்ரஸர் ஒன்று. நான் மிகவும் விரும்பிய மூன்றாவதன் பெயர் நாய்ஸ் கேட். குரல் ஓர் அளவுக்கு மேல் ஒலிக்கும்போது மட்டும் அது திறக்கும், அதற்குக் கீழே போனதும் மூடிக்கொள்ளும். நான் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் ரயிலும் மின்விசிறியும் கேட்காமல் போயின. அதன் அளவை என் குரலை வைத்தே அமைத்துச் சேமித்தேன். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகப் பழகிய குரல் அது. வாக்கியத்தின் முடிவில்கூட அது தாழாது.

செய்தி பரவியது. பேரன் பாடியதைப் பதிய வேண்டும், மாதா கோயில் பாடகர் குழுவைப் பதிய வேண்டும் என்று ராயபுரத்திலிருந்துகூட வந்தார்கள். பொழுது அனுமதித்தபோது செய்து கொடுத்தேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருவர் இறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய பதினாறாம் நாள் படத்திறப்புக்கு, உடன் வேலை செய்த நண்பர் மரண கானா பாடப்போகிறார் என்றும், அதைப் பதிந்து சுற்றத்தாருக்கு வட்டாகக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டு மூத்த மகன் என்னிடம் வந்தார். முப்பது வயதைக் கடந்தவர், லாரிகளுக்கு டயர் மாற்றும் கடையில் வேலை செய்துவந்தார். ரயில் ஓடாத நேரம் பார்த்து என் பின்னறையிலேயே பதியலாம் என்றேன். பாட்டுக்காரர் அதற்கு இசையவில்லை. அவரே என் வாசலுக்கு வந்து காரணம் சொன்னார்.

"சாவு வூட்ல பாடுற பாட்டு டீச்சர் இது. உங்க வூட்ல பாடிட்டு, நாளைக்கு உங்களுக்கு தலவலின்னாகூட நான்தான் பேஜாராவணும். அங்க வாங்க. அதுவும் ஒரே தபாதான். ஒரு சாவுக்கு ஒரு தபாதான் நான் பேரு சொல்லுவேன். ரெண்டாவது தபா சொன்னா, இன்னொரு சாவ கூப்புடுற மாதிரி."

பெயர் சொல்வது என்று அவர் குறிப்பிட்டது அந்தப் பாட்டின் நடுவில் வரும் ஒரு பகுதி. இறந்தவர் யார் யாரை விட்டுச் சென்றார் என்று பாடகர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். அதுவரை ஓடிய தாளம் அந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு பெயர், சற்று மௌனம், அடுத்த பெயர். எவரெவர் பெயரைச் சொல்வது என்பதை அந்த வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். இந்த வீட்டில் அதைச் சொன்னவர் இறந்தவரின் மனைவி. அவர் ஏழு பெயர் கொடுத்தார். தாம், மூத்த மகன், மருமகள், பேரன், இளைய மகன், மகள், இறந்தவரின் தங்கை.

ஆறாவதாக வந்த மகள் அத்திப்பட்டில் வாழ்ந்தாள். அங்குள்ள அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்த ஒருவரைத் தானே விரும்பி மணந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசவில்லை. தகப்பன் இறந்த அன்று வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். பதினாறாம் நாளுக்கு அவளால் வர இயலவில்லை. நிறைமாதம், பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

படத்திறப்பன்று பிற்பகல், மூத்த மகன் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, நான் திரையைக் கட்டியணைத்தபடி, ஷேர் ஆட்டோவில் அந்த வீட்டுக்குப் போனோம். மாலையிட்ட படத்துக்கு எதிரே பாயில் பாட்டுக்காரர் அமர்ந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். பொதுக் குழாயடியில் குடங்களை நகர்த்த வேண்டாம் என்று ஒரு பெண் எல்லோரிடமும் சொல்லிவந்தாள். கூட்டம் வியர்த்தபடி பொறுத்துக்கொண்டது. மூத்த மகன், மைக் ஸ்டாண்டு சாய்ந்துவிடாமல் இருக்க அதன் அருகில் நின்றார். தாளம் நின்று பெயர்கள் பாதி கடந்தபோது, வெளியே ஒரு சரக்கு ரயில் நகர ஆரம்பித்தது. நான் திரையில் ஏறி இறங்கிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கவலை முழுவதும் ரயிலைப் பற்றியது. பெயர்களை நான் கேட்கவில்லை.

அந்த வாரத்தின் சனி, ஞாயிறு பிற்பகல்களில் பதிவைச் சீர்செய்தேன். நான் சேமித்து வைத்திருந்த மூன்று பிளக்-இன்களையும் அப்படியே செருகினேன். பெயர்களுக்கு இடையில் ரயில் முற்றிலும் மறைந்தது. ஓரிடத்தில் மட்டும் மௌனம் சற்று நீளமாக இருந்தது. துக்கத்தில் அவருக்குத் தொண்டை அடைத்திருக்கும் என்று எண்ணினேன். அது அழகாக இருப்பதாகவும் எண்ணினேன். இதை எழுதும்போது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வட்டுகளை வாங்க மூத்த மகன் வந்தபோது, கடைசி வேலை முடியும்வரை என் அருகில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். திரையில் இருந்தவற்றுள் ஒன்றின் பெயரைக் கேட்டார். கம்ப்ரஸர் என்றேன். "எங்க கடைல காத்து அடிக்கிறதும் அதான் டீச்சர். இது கொரலுக்கு காத்து அடிக்குமா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, இறந்தவரின் மனைவி ஒரு வட்டைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்குள் வந்தார். இரண்டடி பின்னால் மூத்த மகன் நின்றார். அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்த தோரணை அவர் முகத்தில் இருந்தது. உட்காரச் சொன்னேன். தாய் உட்காரவில்லை.

"உங்கள நான் தப்பு சொல்ல வர்ல டீச்சர். இவன் இங்க வந்து குந்திகினு இன்னா சொல்லிட்டு போனான், அத்த மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அத்திப்பட்டில் மகள், தன் புகுந்த வீட்டார் அனைவரையும் உட்காரவைத்து வட்டை ஓடவிட்டிருக்கிறாள். பிறந்த வீட்டில் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்ற பேச்சு அங்கே இரண்டு ஆண்டுகளாக உண்டு. அப்பாவின் பாட்டில் என் பெயர் வருகிறது, அம்மாவே சொன்னார்கள் என்று அவள் எல்லோருக்கும் முன்பே சொல்லிவைத்திருந்தாள். பாட்டில் அவள் பெயர் வரவில்லை.

"ஆறு பேருதான் வருது. இவ பேரு வரும் வரும்னு வயித்த புட்ச்சிகினு குந்திகினு கீறா. மாமியாக்காரி வெரல் வுட்டு எண்ணிகினு கீறா" என்றார். பிறகு குரல் தணிந்தது. "எங்காதால கேட்டேன் டீச்சர். பாட்டுக்காரரு சொன்னாரு. அப்பால யாரு வெட்னது?"

மூத்த மகன் என்னைப் பார்த்தார். "நான் ஒன்னியும் சொல்லல. நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் கேட்டது அந்த கம்ப்ரஸர் இன்னான்னுதான்."

"நீ வாய மூடு. ரெண்டு வருசமா அவ பேர வூட்ல எடுக்க வுடாதவன் நீ. இப்ப மிசின்ல இருந்தும் எடுத்துட்ட."

மகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். தாய் நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் கணினியை இயக்கி அந்தப் பதிவைத் திறந்தேன். முதலில் வட்டில் இருப்பதுபோலவே ஓடவிட்டேன். ஐந்து பெயர்கள், நீண்ட மௌனம், பிறகு இறந்தவரின் தங்கையின் பெயர். அழகாக இருப்பதாக நான் எண்ணிய அதே மௌனம். பிளக்-இன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாய்ஸ் கேட்டைக் கழற்றியதும் அறை முழுவதும் ரயில் வந்தது, கூட்டத்தின் இருமல் வந்தது. ஐந்தாவது பெயருக்குப் பிறகு, அந்த இரைச்சலின் அடியில், பாட்டுக்காரர் மூச்சோடு மூச்சாக அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

"இன்னோர் தபா போடுங்க" என்றார் தாய். போட்டேன். மூன்றாம் முறை அவர் உட்கார்ந்துவிட்டார்.

தவறு முழுவதும் என்னுடையது என்று சொன்னேன். உரத்துப் பேசுகிற என் குரலுக்கு அளவெடுத்த ஒன்றை இன்னொருவர் குரலின் மேல் அப்படியே மாட்டிவிட்டதையும், அவர் குரல் தாழ்ந்த ஒரே இடத்தில் அது மூடிக்கொண்டதையும், இயன்றவரை எளிமையாக விளக்கினேன். முழுப் பாட்டையும் எதையும் செருகாமல் ஒருமுறை கேட்டிருந்தால் இது நேர்ந்திராது. தாய் தலையசைத்தார். என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய கேள்வி வேறு திசையில் இருந்தது.

"எல்லா பேரும் சத்தமா சொன்னவரு, அவ பேர மட்டும் ஏன் முழுங்கிகினு சொன்னாரு?"

பிறகு மூத்த மகன் சொன்னார்: "நான் மைக்காண்ட நின்னுகினு இருந்தேன்ல. என் மூஞ்ச பாத்தாரு."

அந்தப் பெயரை உயர்த்த முடியுமா என்று தாய் கேட்டார். முயன்றேன். கம்ப்ரஸரின் குமிழைத் திருப்பி, அந்த ஒரு சொல்லின் ஒலியை மட்டும் மற்ற ஆறு பெயர்களின் அளவுக்குக் கொண்டுவந்தேன். கூடவே ரயிலும் உயர்ந்தது. தாய் கண்ணை மூடிக் கேட்டார்.

"சத்தமாத்தான் கீது. ஆனா பயந்துகினு சொல்றாரு."

அவர் சொன்னது சரி. மெல்லச் சொன்ன ஒன்றை எவ்வளவு உயர்த்தினாலும், அது உரக்கச் சொன்னதாக ஆகிவிடாது. மெல்லச் சொன்னது காதருகே வந்ததுபோலத்தான் கேட்கும். என் குறிப்பேட்டில் இருந்த இருநூறு பிளக்-இன் பெயர்களுள் இதற்கென்று ஒன்றும் இல்லை.

தாய் எழுந்தார். மகனிடம் இரண்டே வழி சொன்னார். போய்ப் பாட்டுக்காரரைக் கூட்டிவந்து அந்த ஒரு பெயரை மறுபடி சொல்ல வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனே அத்திப்பட்டுக்குப் போய், வெட்டியது நான் இல்லை என்று தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகு இன்னொரு முறை அந்தப் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் தனியே கிளம்பிப் போனார்.

பாட்டுக்காரர் மறுத்துவிட்டார். மறுநாள் மாலை மூத்த மகன் வந்து அதைச் சொன்னார். கோபமாக மறுக்கவில்லையாம். தேநீர் வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டு, தம்முடைய வழக்கத்தை மறுபடி விளக்கினாராம். ரெண்டாவது தபா சொல்ல மாட்டேன் நைனா, நான் சொன்னது சொன்னதுதான், நீ போய் கேக்க வை என்றாராம்.

நான் அதற்குள் இரண்டு விதமாக அந்த இடத்தைச் சீர்செய்து வைத்திருந்தேன். ஒன்றில் பெயர் மற்றவற்றுக்குச் சமமாக உயர்ந்திருந்தது. இன்னொன்றில் நாய்ஸ் கேட்டை அடியோடு எடுத்துவிட்டு, ரயிலின் தடித்த உறுமலை மட்டும் ஓரளவு குறைத்து, பெயரை அவர் சொன்ன அளவிலேயே விட்டிருந்தேன். கவனித்துக் கேட்டால் கேட்கும். ஹெட்ஃபோனை மூத்த மகனிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் பலமுறை மாற்றி மாற்றிக் கேட்டார். லாரி டயரைத் தட்டிப் பார்க்கும் பொறுமை அதில் இருந்தது.

"தூக்கி வுட்டது நாம பண்ணது மாதிரி கீது டீச்சர். வூட்ல யாராவது, மறுபடியும் மிசின்ல இன்னாவோ பண்ணிட்டாங்கன்னுவாங்க. இதுவே இருக்கட்டும். அவரு சொன்னது இதான்." சற்று நிறுத்தி, "நான் நின்னதும் இதுல கீதுல்ல" என்றார்.

அந்த இரண்டாவது வடிவத்தைப் புதிய வட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். பழையவற்றை வீடு வீடாகப் போய் அவரே வாங்கி வந்து என்னிடம் ஒப்படைத்தார். அத்திப்பட்டுக்கு உரிய வட்டைத் தபாலிலோ வேறு ஆள் மூலமோ அனுப்பவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விடுப்பு எடுத்த ஒரு நாள் காலையில் மின்ரயில் ஏறினார்.

அங்கே நடந்ததை அவர் திரும்பிவந்த பிறகு சுருக்கமாகத்தான் சொன்னார். தங்கை கதவைத் திறந்ததும் உள்ளே போய்விட்டாளாம். மாமியார்தான் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்திருக்கிறார். வட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். தங்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டாளாம். முதல் முறை மாமியாருக்குப் பெயர் கேட்கவில்லை. இதுலயும் ஆறுதானே என்றிருக்கிறார்.

"அப்பால திருப்பி போட சொன்னேன். ரயிலு கெளம்புற சத்தம் வரும், அப்ப நல்லா கேளுங்கன்னு சொன்னேன். சத்தம் வந்திச்சி. இதோன்னு நான்தான் வெரல் காட்டினேன். கேட்டிச்சி அவங்களுக்கு."

தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார்.

ரயிலோசையை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாமோ என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பொருத்தமான வேறொரு பிளக்-இன்னை அந்த வாரம்தான் கண்டுபிடித்திருந்தேன். பெயர் மேலும் தெளிவாகக் கேட்கும், வேண்டுமானால் மறுபடி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் உடனே தலையசைத்து மறுத்தார்.

"வேணாம் டீச்சர். ரயில எடுத்துட்டா, எங்க கேக்கணும்னு அவங்களுக்கு எப்டி தெர்யும்?"